அமானுஷ்யக் காதல் நாவல் சவால்: வருஷத்துக்கு 18 புத்தகம், அதில் 6 மறுவாசிப்பு

ஜனவரியில் "இந்த வருஷம் 50 நாவல்" என்று எழுதி ஒட்டிவிட்டு, பங்குனி பிறப்பதற்குள் கைவிடுவது வாசிப்புச் சவால்களில் சகஜம். ரத்தக்காட்டேரியும் ஓநாய் மனிதனும் ஆவியும் காதலிக்கிற நாவல்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஏழாவது புத்தகத்துக்குள் எல்லா நாயகர்களுக்கும் ஒரே முகம் வந்துவிடும். அப்போது எட்டாவதாக இன்னொரு புதுப் புத்தகத்தைத் திறந்தால் சலிப்புதான் கூடும். ஏற்கெனவே பிடித்த ஒன்றைத் திரும்ப எடுப்பதுதான் சரியான மருந்து. அதனால் இந்தச் சவாலில் மறுவாசிப்புக்கு முதல் நாளிலிருந்தே கணக்கில் இடம் உண்டு.

இந்த வகைக்கு அது கூடுதலாகவே பொருந்தும். முதல் வாசிப்பில் நாயகிக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும். நாயகன் உண்மையில் யார் என்பது தெரியாது. முதல் சந்திப்பில் அவன் கை கொடுக்காமல் பின்வாங்குவதும், விருந்தில் தட்டைத் தொடாமல் பேசிக்கொண்டே இருப்பதும் திமிராகப் படும். அவன் யார் என்று தெரிந்துகொண்டு படிக்கும்போது அதே வரிகளில் அவனுடைய பயம் தெரியும். நல்ல அமானுஷ்யக் காதல் நாவல் இந்த இரண்டு வாசிப்புக்கும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கும்.

முதல் படி: எது கணக்கில் வரும்

இரண்டு சோதனை போதும். கதையிலிருந்து அமானுஷ்யத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். காதல் கதை அப்படியே நின்றால் அது சாதாரணக் காதல் நாவல், பேய் வெறும் அலங்காரம். அடுத்து காதலை எடுத்துவிட்டுப் பாருங்கள். துப்பறிவதும் சண்டையும் அப்படியே நின்றால் அது அர்பன் ஃபேன்டஸி (நகரத்தில் நடக்கும் மாயாஜாலக் கதை) அல்லது பேய்க்கதை. இரண்டில் எதை எடுத்தாலும் கதை விழுந்துவிட வேண்டும். அதுதான் நம் வகை.

முடிவு பற்றியும் இப்போதே தீர்மானித்துவிடுங்கள். ஆங்கிலத்தில் இந்த வகைக்கு ஓர் எழுதாத ஒப்பந்தம் உண்டு: கடைசிப் பக்கத்தில் ஜோடி சேர்ந்திருக்க வேண்டும். தமிழில் மறுஜென்மக் கதைகளும் நாகக் கதைகளும் யட்சி கதைகளும் பல நேரம் தியாகத்திலோ, "அடுத்த பிறவியில் பார்ப்போம்" என்பதிலோ முடியும். அதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே எங்கள் கருத்து. சேர்க்காவிட்டால் தமிழில் நல்ல சரக்கு பாதி கைவிட்டுப் போகும். எதுவானாலும் விதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். நவம்பரில் எண்ணிக்கை குறைகிறதே என்று அதை வளைக்கக் கூடாது.

ஆன்லைன் தொடர்கதைகளுக்குத் தனி விதி வேண்டும். ஓர் அத்தியாயம் ஒரு புத்தகம் ஆகாது. தொடர் முடிந்திருந்து, மொத்தம் 40,000 சொல்லுக்கு மேல் இருந்தால் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். குறுநாவல் என்றால் மூன்று சேர்ந்து ஒன்று.

இரண்டாம் படி: 18 எப்படி வருகிறது

கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு 10 நிமிஷம் படியுங்கள். படித்த வரிகளை எண்ணி, ஒரு வரிக்குச் சராசரி எத்தனை சொல் என்று பார்த்துப் பெருக்கி, பத்தால் வகுத்தால் உங்கள் வேகம் வந்துவிடும். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். தமிழ்ச் சொல் நீளம் என்பதால் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். அதைப் பார்த்து மெதுவாகப் படிக்கிறோமோ என்று நினைக்க வேண்டாம்.

ஒரு கணக்கு போடுவோம். ஆங்கிலத்தில் நிமிஷத்துக்கு 180 சொல், நாவல் 90,000 சொல் என்றால் 500 நிமிஷம். தமிழில் 150 சொல், நாவல் 50,000 சொல் என்றால் சுமார் 330 நிமிஷம். புதியவை 12, அதில் பாதி ஆங்கிலம், பாதி தமிழ்: 4,980 நிமிஷம். மறுவாசிப்பு 6, அதிலும் பாதிப் பாதி, நேரம் முக்கால் பங்கு: ஏறக்குறைய 1,870. மொத்தம் 6,850. தினம் அரை மணி வீதம் வருஷத்தில் 300 நாள் படித்தால் 9,000 நிமிஷம் கிடைக்கும். சுமார் 35 மணி நேரம் மிச்சம். பரீட்சை, காய்ச்சல், கல்யாணம், மழை எல்லாம் அந்த மிச்சத்தில் போகும். இதே கணக்கில் 24 புத்தகம் வைத்தால் 9,100 நிமிஷத்தைத் தாண்டிவிடும், மூச்சு விட இடமிருக்காது. முதல் வருஷத்துக்கு 18 போதும் என்பது இதனால்தான். உங்கள் வேகம் வேறாக இருந்தால் எண்ணை மாற்றுங்கள். மூன்றில் ஒரு பங்கு மறுவாசிப்பு என்பதை மட்டும் மாற்றாதீர்கள்.

மூன்றாம் படி: புத்தகம் பிடிப்பது

சவாலை ஜனவரியில் தொடங்குகிறவர்களுக்குப் பதிப்பாளர், விற்பனையாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சி வசதி. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்கு விம்கோ நகர், தேரடி, தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை எங்கே ஏறினாலும் நீல வழித்தட மெட்ரோவில் வண்டி மாறாமல் போய் இறங்கலாம். பெரும்பாலான கடைகளில் 10 சதவீதக் கழிவு உண்டு. ஆனால் ஒரே நாளில் 18 புத்தகமும் வாங்கிவிடாதீர்கள். நான்கு போதும். ரத்தக்காட்டேரி, ஆவி, மறுஜென்மம் என்று எந்த உட்பிரிவு உங்களுக்குப் பிடிக்கிறது என்பது மூன்று புத்தகம் படித்த பிறகுதான் தெரியும்.

ஆங்கிலத்துக்கு மூர்மார்க்கெட். பழைய கட்டடம் 1985இல் எரிந்த பிறகு கடைகள் சென்ட்ரலை ஒட்டிய அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. பழைய புத்தகக் கடைகள் இன்றும் அங்கே உண்டு. இந்த வகைக்கு 2005ஐ ஒட்டிப் பெரிய அலை அடித்தது, அந்தக் காலத்துச் சின்ன அளவுப் பேப்பர்பேக்குகள்தான் பழைய புத்தகக் கட்டுகளில் மாட்டும். கடையில் வகைவாரியாகப் பிரித்து வைத்திருக்க மாட்டார்கள். "பேராநார்மல் ரொமான்ஸ்" என்று கேட்டால் கை விரிப்பார்கள். "அண்ணே, வேம்பயர் படம் போட்ட லவ் ஸ்டோரி இருக்கா? மில்ஸ் அண்ட் பூன்ல நாக்டர்ன்னு போட்டது இருந்தாலும் எடுங்க" என்று கேளுங்கள், கட்டை அவிழ்ப்பார்கள். நாக்டர்ன் என்பது மில்ஸ் அண்ட் பூனின் அமானுஷ்யக் காதல் வரிசை.

வாங்கும் முன் மூன்று இடம் பாருங்கள். முதுகில் வரிசை எண் இருக்கிறதா, கடைசித் தாள் இருக்கிறதா, நடுப் பக்கத்தைத் திறந்தால் பசை விட்டுத் தாள் கையோடு வருகிறதா. மூன்றாவதுதான் முக்கியம். பசை ஒட்டுக் கட்டு காய்ந்தால் நொறுங்கும். முதல் வாசிப்பைத் தாங்கிவிடும், மறுவாசிப்பில் தாள் தாளாக உதிரும். பிடித்த நாவல் அப்படியிருந்தால் உள்பக்கம் ஃபெவிகால் மெல்லிசாகத் தடவி, மேலே இரண்டு தடிமனான டிக்‌ஷனரியை ஓர் இரவு வைத்தால் ஓரளவு பிழைக்கும். செல்லோடேப் மட்டும் ஒட்டாதீர்கள். அது மஞ்சளித்துக் காகிதத்தைத் தின்னும்.

தமிழ் மாத நாவல்களுக்கு உங்கள் பேட்டை கிளை நூலகம் போதும். தவணை பொதுவாக இரண்டு வாரம். தினம் அரை மணி என்றால் 330 நிமிஷ நாவல் 11 நாளில் முடியும், தவணைக்குள் அடங்கும். 500 நிமிஷ ஆங்கில நாவலுக்கு 17 நாள் ஆகும், அதைப் புதுப்பிக்க நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் ப்ரதிலிபி என்ற கதைச் செயலியிலும் நாவல் தளங்களிலும் அமானுஷ்யக் காதல் கொட்டிக் கிடக்கிறது. புதியவர்கள் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஒன்று, முடியாத தொடர். எழுதுபவர் பாதியில் நிறுத்திவிட்டால் உங்கள் கணக்கும் பாதியில் நிற்கும், அதனால் முடிந்தவற்றை மட்டும் எடுங்கள். இரண்டு, ரீரன். ஏற்கெனவே எழுதிய நாவலைக் கொஞ்ச நாளைக்குத் திரும்பப் போட்டு, பிறகு லிங்க்கை எடுத்துவிடுவார்கள். அதில் முதல் வாசிப்பை முடிக்கலாம், மறுவாசிப்புக்கு நம்பி உட்கார முடியாது. சந்தா கட்டி மின்னூல் படிக்கும் கிண்டில் அன்லிமிடெடிலும் இதே சிக்கல்: எழுத்தாளர்கள் 90 நாள் தவணையில்தான் சேர்கிறார்கள், அதன் பிறகு புத்தகத்தை வெளியே எடுத்துவிடலாம். ஆகவே மறுவாசிப்புக்கான ஆறும் உங்களுக்குச் சொந்தமாக இருக்கட்டும், அச்சிலோ விலைக்கு வாங்கிய மின்னூலாகவோ. டெலிகிராமில் சுற்றும் திருட்டு பிடிஎஃப்பைத் தொடவே வேண்டாம். தமிழில் இந்த வகையை எழுதுகிறவர்களில் பலர் வீட்டு வேலைக்கு நடுவே நேரம் திருடி எழுதும் பெண்கள். அவர்களுக்கு வரும் சின்னத் தொகையும் அதனால்தான் நின்றுபோகிறது.

சீரிஸில் கால் வைக்கும் முன்

இந்த வகையில் தனி நாவல் குறைவு, வரிசைதான் அதிகம். வரிசையில் இரண்டு வார்ப்பு உண்டு. ஒரே நாயகி எல்லாப் புத்தகத்திலும் வருவது ஒன்று: சார்லைன் ஹாரிஸின் சூக்கி ஸ்டாக்ஹவுஸ் வரிசை 2001 முதல் 2013 வரை 13 நாவல்கள். உலகம் ஒன்று, ஒவ்வொரு புத்தகத்திலும் ஜோடி வேறு என்பது மற்றொன்று: 2006இல் தொடங்கிய நளினி சிங்கின் சை-சேஞ்ச்லிங் வரிசை அப்படி. முதல் வார்ப்பை நடுவில் விட்டால் கதை அறுந்துபோகும். இரண்டாவதில் ஒவ்வொரு காதலும் அந்தந்தப் புத்தகத்திலேயே முடியும், எங்கே நிறுத்தினாலும் நஷ்டமில்லை. புதியவர்களுக்கு இரண்டாவதுதான் நல்லது. அதிலும் முதல் மூன்று புத்தகத்தோடு நிறுத்தி, வேறு உட்பிரிவுக்கு மாறிவிடுங்கள்.

விடலைப் பருவ வாசகர்கள் இளையோர் வரிசைகளில் தொடங்கட்டும். ரத்தக்காட்டேரிக் காதல் கதையான ட்வைலைட் வரிசையின் முதன்மை நாவல்கள் நான்கு, 2005 முதல் 2008 வரை வந்தவை. முதல் நாவலின் அதே கதையை நாயகன் பக்கமிருந்து சொல்லும் புத்தகம் 2020இல் வந்தது. மறுவாசிப்பு என்றால் என்ன என்று பழக அந்த இரண்டையும் அடுத்தடுத்து படிப்பது நல்ல பயிற்சி. பெரியவர்களுக்கான நாவல்களில் படுக்கையறைக் காட்சிகள் விரிவாக இருக்கும். கடத்தல், கட்டாயம், ரத்தம் வருவதும் உண்டு. தமிழில் "ஆன்டி ஹீரோ" என்று போட்டிருந்தால் முன்னெச்சரிக்கையாக விமர்சனம் இரண்டு பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

நோட்டும் ஒட்டுச்சீட்டும்

படித்த புத்தகங்களைப் பதிவு செய்யும் குட்ரீட்ஸ் தளத்தில் குறித்துக்கொள்ளலாம். அதில் மறுவாசிப்பு முடித்த தேதியைத் தனியாகச் சேர்க்கும் வசதியும் உண்டு. ஆனால் இந்தச் சவாலுக்கு ஒரு நோட்டு கட்டாயம் வேண்டும். 192 பக்க லாங் சைஸ் போதும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் நோட்டு, 2பி பென்சில், நான்கு நிற ஒட்டுச்சீட்டு எல்லாம் ஒரே நடையில் வாங்கிவிடலாம். மஞ்சள், அந்த உலகத்தின் விதிக்கு. சிவப்பு, அவனுடைய ரகசியத்துக்கான துப்புக்கு. நீலம், இருவருக்கும் இடையில் ஏதாவது மாறும் இடத்துக்கு. பச்சை, மொழி பிடித்த இடத்துக்கு. முதல் வாசிப்பில் மஞ்சளும் நீலமும் மட்டும் ஒட்டுங்கள். நான்கையும் முதலிலேயே ஒட்டினால் படிப்பது போய் ஒட்டுவதே வேலையாகிவிடும். நூலகப் புத்தகத்தில் எதுவும் ஒட்டக் கூடாது, பக்க எண்ணை நோட்டில் எழுதினால் போதும்.

நான்காம் படி: மறுவாசிப்பு

எந்த ஆறு? ஏற்கெனவே வாசிப்புப் பழக்கம் உள்ளவர்கள் பள்ளி, கல்லூரி நாளில் பிடித்த இரண்டை எடுங்கள், மீதி நான்கு இந்த வருஷம் படித்ததிலிருந்து. முற்றிலும் புதியவர்கள் ஜூன் வரை புதியவற்றை மட்டும் படித்து, ஜூலையில் மறுவாசிப்பைத் தொடங்குங்கள். இடைவெளி குறைந்தது மூன்று மாதம் இருக்கட்டும். முடித்த அடுத்த வாரமே எடுத்தால் வரிகள் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும், கண் தாவித் தாவி ஓடும்.

புத்தகத்தைத் திறப்பதற்கு முன், நினைவிலிருந்து பத்து வரி எழுதுங்கள். எங்கே சந்திக்கிறார்கள், அவன் என்ன, அவனுக்கு எது ஆகாது, எங்கே பிரிகிறார்கள், யார் எதை விட்டுக்கொடுக்கிறார்கள். பெயர் மறந்திருந்தால் மறந்ததாகவே விடுங்கள். அட்டையைப் புரட்டிப் பார்க்கக் கூடாது. இந்தப் பத்து வரியை எழுதாமல் தொடங்குகிறவர்கள் மறுவாசிப்பின் பாதி லாபத்தை இழக்கிறார்கள். படித்து முடித்த பிறகு ஒப்பிட்டுப் பார்த்தால், நாம் நினைவில் வளர்த்த காட்சி புத்தகத்தில் மூன்றே வரியாக இருப்பதும், அடியோடு மறந்துபோன தோழி ஒருத்திதான் கதையையே நகர்த்தியிருப்பதும் தெரியவரும்.

அடுத்தது ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி. "பிடிக்கிறதா" என்று கேட்காதீர்கள், அது தானாகத் தெரியும். இந்த வகையில் நன்றாக விளைச்சல் தரும் கேள்விகள் சில:

அவன் சொல்லும் முதல் பொய் எந்தப் பக்கத்தில்? அவளுக்கு எப்போது சந்தேகம் வருகிறது, அதற்கு எத்தனை பக்கம் முன்பே வந்திருக்க வேண்டும்?

அமானுஷ்ய விதி எங்காவது உடைகிறதா? உடைந்தால் காரணம் சொல்லப்படுகிறதா?

சாகாதவனும் சாகிறவளும் சேரும்போது விலை கொடுப்பது யார்? அவன் மனிதனாகிறானா, அவள் மாறுகிறாளா? அதை அவள் கேட்டு வாங்குகிறாளா, அவளுக்காக முடிவெடுக்கப்படுகிறதா?

தலைவிதியோ மந்திரமோ கட்டிப்போட்டுச் சேர்த்த ஜோடி என்று வந்தால், அந்தக் கட்டு இல்லாமலே இவர்கள் ஒருவரையொருவர் விரும்பியிருப்பார்களா? கட்டு விழுவதற்கு முன் அதற்கான ஒரு காட்சியாவது இருக்கிறதா?

எங்களைக் கேட்டால் கடைசிக் கேள்விதான் ஒரு நாவலின் தரத்தைச் சொல்லும். மந்திரக் கட்டு எல்லாவற்றையும் செய்துவிட்டால் எழுத்தாளருக்குக் காதலை எழுத வேண்டிய வேலையே இல்லாமல் போகிறது. முதல் வாசிப்பின் வேகத்தில் அந்த ஓட்டை தெரியாது.

இப்போதுதான் சிவப்பும் பச்சையும். கூடவே ஒரு சின்னக் கணக்கு: ரகசியம் வெளிப்படும் பக்கத்தை மொத்தப் பக்கத்தால் வகுத்து நூறால் பெருக்கி எழுதுங்கள். 360 பக்க நாவலில் 108ஆம் பக்கம் என்றால் 30 சதவீதம். பிரிவு வரும் இடத்துக்கும் இதையே செய்யுங்கள், பெரும்பாலும் முக்கால் பங்கு தாண்டித்தான் வரும். ஆறு நாவலுக்கு இந்த எண்களை அடுக்கிப் பார்த்தால் உங்களுக்கு எந்த வேகக் கதை பிடிக்கும் என்பது தெரிந்துவிடும். அடுத்த வருஷப் பட்டியல் போட இதைவிட நல்ல வழி கிடையாது.

நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

"எண் 11, மறு 3. ஜூலை 6 முதல் 18 வரை. ஆவி. கேள்வி: விதி உடைகிறதா? 40ஆம் பக்கம், ஆவியால் பொருளைத் தூக்க முடியாது. 212, மழையில் அவளுக்குக் குடை பிடிக்கிறான். ஓட்டை என்று நினைத்தேன். 198இல் கிழவி சொல்லும் ஒரு வரியில் காரணம் இருக்கிறது, நினைவு நாளில் மட்டும் கனம் வரும். முதல் தடவை அந்தப் பக்கத்தைத் தாவியிருக்கிறேன். ரகசியம் 22%, பிரிவு 79%."

இவ்வளவு போதும். கட்டுரை எழுத வேண்டியதில்லை.

பிடித்த காட்சிகளை மட்டும் புரட்டுவது மறுவாசிப்புக் கணக்கில் வராது. முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தால்தான் ஒன்று. காதால் கேட்கும் ஒலிநூலாக இருந்தால் கணக்கில் வரும், அதே நாவலை வேறு குரலில் கேட்பது நல்ல மறுவாசிப்பு.

எங்கே தடுக்கும்

ஒரே உட்பிரிவைத் தொடர்ந்து மூன்றாவது தடவை படிக்கும்போது சலிப்பு வரும். ரத்தக்காட்டேரி இரண்டு முடித்தால் அடுத்தது ஆவியோ மறுஜென்மமோ இருக்கட்டும். ஆங்கிலம் இரண்டு முடித்தால் ஒரு தமிழ். 60 பக்கம் படித்தும் ஒட்டவில்லை என்றால் மூடிவிடுங்கள். நோட்டில் காரணத்தை ஒரு வரி எழுதுங்கள், எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். மறுவாசிப்பில் பழைய பிரியம் கசந்துபோனால் மட்டும் பாதியில் விட வேண்டாம். பதினேழு வயதில் அடங்காத காதலாகப் பட்டது முப்பதில் மிரட்டலாகப் படலாம். எந்தப் பக்கத்தில் அப்படிப் பட்டது என்று குறியுங்கள், அதுவும் முழுக் கணக்குதான்.

நேரம் கிடைப்பதில்லை என்பவர்களுக்கு: அரை மணியை ஒரே மூச்சில் தேட வேண்டாம். மெட்ரோவில் விம்கோ நகர் பக்கம் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், அங்கே 15 நிமிஷம். கும்மிடிப்பூண்டி லைன் மின்ரயிலில் நின்றுகொண்டு வருபவர்களுக்கு செல்போன் வாசிப்புதான் சரி. பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு நிற்கும் நேரமே ஓர் அத்தியாயத்துக்கு ஆகும். மீதி 15 நிமிஷம் இரவில். மறுவாசிப்பை மட்டும் வண்டியில் வைத்துக்கொள்ளாதீர்கள், பென்சிலும் ஒட்டுச்சீட்டும் கையாள முடியாது. அதை ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடிக்கோ பூங்காவுக்கோ ஒதுக்குங்கள். அட்டைப் படத்தை யாராவது முறைத்தால் பள்ளி நோட்டுக்குப் போடும் பிரவுன் ஷீட் ஓர் அட்டைக்கு ஒன்று போதும்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் கடல் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்து பேப்பர்பேக்கைக் கெடுக்கும். தாள் அலையலையாக வளையும், பிறகு பூஞ்சை. சுவரை ஒட்டி அடுக்காமல் இரண்டு விரல் இடம் விடுங்கள். காய்ந்த வேப்பிலையும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் அலமாரியில் போடுங்கள். மாதம் ஒரு தடவை நிழலில் விரித்து விசிறுங்கள், வெயிலில் வைத்தால் பசை நொறுங்கும். வியாசர்பாடி, புளியந்தோப்பு மாதிரி தண்ணீர் ஏறும் தெருக்களில் அக்டோபர் பிறந்ததும் கீழ்த்தட்டைக் காலி செய்து, மறுவாசிப்புக்கான ஆறையும் நோட்டையும் ஜிப் உறையில் போட்டு மேல்தட்டுக்கு ஏற்றிவிடுங்கள். நவம்பர், டிசம்பரில் மின்சாரம் போகும் நாட்களுக்கு மின்னூல் இரண்டு முன்கூட்டியே போனில் இறக்கி வைத்திருங்கள்.

டிசம்பர் 31 அன்று ஒரு புத்தகம் பாதியில் இருந்தால், முடிக்கும் தேதி எந்த வருஷத்தில் விழுகிறதோ அந்த வருஷத்துக் கணக்கில் எழுதுங்கள். விடியற்காலை வரை விழித்துக் கடைசி நூறு பக்கத்தை ஓட்டினால், அந்த நாவலுக்கு அடுத்த வருஷம் ஒரு மறுவாசிப்பு கட்டாயம் ஒதுக்கவேண்டி வரும்.